ராமுவுக்குக் கண் போனதும் ராமு கலெக்டர் ஆனதும்

ஜனவரி 8, வியாழன்

எண்ணெய்க் கடை அண்ணாச்சி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஒரு வாரமாக அலமாரியில் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சுத்தமான கடலை எண்ணெய்க்கு எங்களை நாடுங்கள்' என்று அச்சடித்திருக்கிறது. அது கிடக்கட்டும். இன்றிலிருந்து எழுதப் போகிறேன். பிற்காலத்தில் என் மகளுடைய வாழ்க்கை வரலாற்றை யாராவது எழுத வந்தால் ஆதாரம் வேண்டுமல்லவா?

மகள் பெயர் நாவரசி. நாலாம் வகுப்பு. பெயரை வைத்தது நான். என் மனைவி வடிவு 'நிவேதா' என்று வைக்கச் சொன்னாள். தெருவுக்கு நாலு நிவேதா இருக்கிறார்கள் என்று சொல்லி நான் ஒத்துக்கொள்ளவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மாணவர் பட்டிமன்றம் வைக்கிறார்கள். வெளியிலிருந்து பெரிய நடுவர் வருகிறார். தலைப்பு: 'வீட்டுப்பாடம் மாணவர்களுக்கு நன்மையா, தீமையா?' நாவரசிக்கு 'தீமையே' அணி. பேச்சை வீட்டிலேயே தயார் செய்து, மனப்பாடம் செய்து வர வேண்டும் என்று வகுப்பாசிரியை ஜெசிந்தா மிஸ் பள்ளி டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்.

வடிவு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "வீட்டுப்பாடம் கெடுதல்னு பேசுததுக்கும் வீட்டுப்பாடமா?"

"ஏட்டி, இது கலை. உனக்குப் புரியாது" என்றேன்.

"எனக்கு எதுதான் புரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

இதற்கு நடுவில் நாவரசி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். "எப்பா, சமாதானபுரம் முக்குல ஒரு ஆட்டுக்குட்டி நம்ம வேன்ல ஏறிட்டுப்பா. எறங்கவே மாட்டேன்னுட்டு. வேன் அண்ணாச்சி அதுக்கு பிஸ்கட்டு குடுத்தாவ. அது பிஸ்கட்டையும் தின்னுட்டு ரித்திகா சாப்பாட்டுப் பையையும்…" இந்தப் பிள்ளைக்கு வாய் ஓயாது. தினமும் ஒரு வேன் கதை. இந்தச் சக்தியெல்லாம் வீணாகப் போகிறதே என்று எனக்கு ரொம்ப நாளாக வருத்தம். அதற்கு இப்போது ஒரு வாய்க்கால் கிடைத்துவிட்டது. "ஆடு பெறவு. மொதல்ல பேச்சு" என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

பேச்சை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பட்டிமன்றம் என்றால் எனக்கு உயிர். பாளையங்கோட்டையில் எந்த மூலையில் நடந்தாலும் போய் முன்வரிசையில் உட்காருகிறவன். கல்லூரி நாளில் ஒரு தடவை நானே மேடையேறியிருக்கிறேன். நான் சூடு பிடிக்கிற நேரத்தில் நேரமாகிவிட்டது என்று மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். மிச்சப் பேச்சு இத்தனை வருஷமாக உள்ளேயே இருக்கிறது.

பேச்சின் உச்சம் ராமு என்ற சிறுவனின் கதை. ராமு நல்ல பையன். வீட்டுப்பாடம் எழுதுகிறான், எழுதுகிறான், எழுதிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் ராமுவுக்குக் கண் போய்விடுகிறது. எழுதும்போது நானே இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் ஒரு அக்கிரமம். கண்காணிப்பாளர் டெய்சி மேடம், தணிக்கை வருகிறதாம், நிலுவைக் கோப்புகள் நாலைந்தை வீட்டுக்கு எடுத்துப் போய் முடித்துக்கொண்டு வரச் சொன்னார். "மேடம், ஆபீஸ் வேலை ஆபீஸோட. வீட்டுக்குப் போனா மனுசன் பெண்டாட்டி பிள்ளையோட நாலு வார்த்த பேச வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன். அலுவலக வேலையை வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை என்பது என் இருபது வருஷக் கொள்கை. இன்றைக்கு நேற்று வந்ததல்ல.

ஜனவரி 11, ஞாயிறு

காலையிலிருந்து பயிற்சி. நிற்கிற விதம், வலது கையை நெஞ்சுக்கு நேரே கொண்டு வருகிற விதம், 'நடுவர் அவர்களே' என்பதில் 'ளே'யை எவ்வளவு நீட்டுவது, எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது.

பேச்சில் பொடி வைத்த இடங்களில் எல்லாம் சிவப்பு மையில் 'கைதட்டலுக்கு நிறுத்தவும்' என்று எழுதியிருந்தேன். முதல் தடவை சொல்லும்போது அதையும் சேர்த்தே ஒப்பித்துவிட்டாள். "பிஞ்சுக் கைகளில் பேனாவா விலங்கா? கைதட்டலுக்கு நிறுத்தவும். அன்பான பெற்றோர்களே!" வடிவு அடுப்படியில் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. நாவரசியும் சேர்ந்து சிரித்தாள். இரண்டு பேருக்கும் ஒழுங்கு போதாது.

கைதட்டல் வரும், அது அடங்கும் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, அடங்கியதும்தான் அடுத்த வரி என்று விளக்கினேன். "கைதட்டல் வரலன்னா?" என்று கேட்டாள்.

"வரும். அப்பா எழுதுன பேச்சு" என்றேன்.

ஆட்டுக்குட்டிக்கு வேன் பிள்ளைகள் ஏதோ பெயர் வைத்திருக்கிறார்களாம். என்ன பெயர் என்று சொல்ல வந்தாள். பயிற்சி நேரத்தில் வேறு பேச்சு கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

நாவரசிக்கு இனி குளிர்ந்த தண்ணீர் கிடையாது. ஐஸ் கிடையாது. தொண்டை முக்கியம்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

வாசலில் பொங்கல் விட்டோம். பானை கொதிக்கிற நேரம் சும்மா நிற்பானேன் என்று நாவரசியைப் பேசச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கட்டுமே. நடுவில் பால் பொங்கிவிட்டது. எல்லோரும் 'பொங்கலோ பொங்கல்' என்று சத்தம் போட்டார்கள், ஒருவர் தட்டை எடுத்துத் தட்டினார். என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? வாயை மூடி, கையைக் கட்டி, சத்தம் அடங்குகிற வரைக்கும் அசையாமல் நின்றாள். அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து, "ஆகவே நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்தாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. வடிவு மட்டும், "பொங்கலோ பொங்கல்னு ஒரு வார்த்த சொல்லலியே பிள்ள" என்றாள். எல்லாவற்றிலும் குறை.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் விடுமுறைக்கென்று பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடம் மலை மாதிரி இருக்கிறது. வாய்ப்பாடு எழுத வேண்டும், 'என் பொங்கல்' என்று ஒரு பக்கம் எழுத வேண்டும், கரும்பு படம் வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும். இதையெல்லாம் பிள்ளை எழுதினால் வீட்டுப்பாடம் தீமை என்று பேசிப் பழகுவது எப்போது? நானே உட்கார்ந்து எழுதினேன். அவள் கையெழுத்து மாதிரியே, கொஞ்சம் கோணலாக. 'என் பொங்கல்' நன்றாகவே வந்திருக்கிறது.

கரும்புக்கு எந்தப் பச்சை என்று நாவரசியிடம் கேட்டேன். "நீங்க எது சொன்னாலும் சரிப்பா" என்றாள். பிள்ளை பக்குவப்பட்டு வருகிறது.

ஜனவரி 20, செவ்வாய்

தலையில் இடி. ஜெசிந்தா மிஸ் போன் செய்தார். நன்மை அணியில் பேச இருந்த பையனுக்குப் பொன்னுக்கு வீங்கியாம். தாடை இரண்டும் உப்பிக்கிடக்கிறதாம்.

"நாவரசியை நன்மை அணிக்கு மாத்திருக்கோம் சார். தாளாளர் சார் ஒரு வார்த்த சொன்னாவ. நல்லா பேசுத பிள்ளயெல்லாம் தீமைப் பக்கம் நின்னா, பேரண்ட்ஸ் நாளைக்கு ஹோம்வொர்க் வேண்டாம்னு வந்து நிக்கமாட்டாங்களான்னு."

"மிஸ், பிள்ளைக்கு முழுப் பேச்சும் மனப்பாடமாயிட்டே."

"புதுசா எழுதிக் குடுங்க சார். உங்களுக்கென்ன, ஊதித் தள்ளிருவிய."

அப்படிச் சொன்ன பிறகு மறுக்க முடியுமா? நல்ல பேச்சாளனுக்கு அணி ஒரு பொருட்டே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எழுதி முடித்துவிட்டேன். பெரிய மாற்றம் ஒன்றும் தேவைப்படவில்லை. 'விலங்கு' இருந்த இடத்தில் 'விளக்கு' போட்டேன். கைதட்டல் இடங்கள் அப்படியே. ராமுவும் அப்படியே. அவன் இப்போதும் வீட்டுப்பாடம் எழுதுகிறான், எழுதுகிறான், எழுதிக்கொண்டே இருக்கிறான். ஆனால் கடைசியில் கலெக்டர் ஆகிவிடுகிறான்.

ஜனவரி 21, புதன்

புதுப் பேச்சை வாசித்துக் காட்டினேன். நாவரசி கேட்டுக்கொண்டே இருந்தவள் ராமு வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"எப்பா, ராமுவுக்குக் கண்ணு போச்சுல்லா?"

"அது பழைய பேச்சு. இதுல கலெக்டர் ஆயிட்டான்."

"கண்ணு திரும்ப வந்துட்டா?"

"போகவே இல்லன்னு வச்சுக்கோ."

"அப்ப அன்னைக்கு நான் ராமுவுக்காக அழுதது?"

"அது சும்மா."

"நெசமா ராமுவுக்கு என்னாச்சுப்பா? கண்ணு போச்சா, கலெக்டர் ஆனானா?"

"நாம எந்த அணியில இருக்கோமோ, அதப் பொறுத்துட்டி" என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

தலையை ஆட்டினாள்.

ஜனவரி 24, சனி

வீட்டில் சண்டை. நான் தொடங்கவில்லை.

வடிவு இட்லியை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். அவள் எதிரே உட்கார்ந்தால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"ஏங்க, பிள்ள கைய பாத்தியளா? நகம் பூரா கடிச்சு ரத்தம் கட்டிருக்கு."

"மேடைப் பயம். எல்லா பெரிய பேச்சாளருக்கும் இருந்திருக்கு."

"தூக்கத்துல நடுவர் அவர்களேங்கா."

"அந்த அளவுக்கு ஊறிட்டு."

"வேன் கதை சொல்லி எத்தன நாளாச்சு தெரியுமா உங்களுக்கு? அந்த ஆட்டுக்குட்டிக்கு என்னாச்சுன்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுமில்லம்மாங்கா. எப்ப கேட்டாலும் ஒண்ணுமில்லம்மா. எம் பிள்ள வாயாடிங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்தா செருப்பக் கழத்துமுன்ன நாலு கதை சொல்லுவா. இப்ப வாயில கொழுக்கட்டை வச்சவ மாதிரி வந்து உக்காருதா. எனக்குப் பயமா இருக்கு."

"குரலைச் சேமிக்கிறாள்" என்றேன். கொஞ்சம் பட்டிமன்றத் தமிழிலேயே வந்துவிட்டது.

வடிவு என்னையே பார்த்தாள். "நல்லா சேமிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். சட்னி வைக்கவில்லை. இட்லியை எண்ணெயும் பொடியும் போட்டுச் சாப்பிட்டேன். டைரியில் போட்டிருக்கிற எண்ணெய்தான். அவ்வளவு சுத்தம் என்று சொல்ல முடியாது.

ஜனவரி 28, புதன்

தீமை அணிப் பேச்சு வீணாகப் போகவில்லை! டெய்சி மேடம் இன்று மறுபடியும் கோப்புக் கட்டோடு என் மேஜைக்கு வந்தார். நான் எழுந்து நின்று, வலது கையை நெஞ்சுக்கு நேரே கொண்டு வந்து, "உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஓர் உயிருக்கு ஓய்வு வேண்டாமா? வீடு என்பது விளையாட்டுக்கும் உறவுக்கும் உரிய இடமா, இல்லை வேலையின் கிளைக் கூடமா?" என்று ஒரு பத்தியை அப்படியே எடுத்துவிட்டேன். கைதட்டலுக்கு நிறுத்தினேன். வந்தது! முழுப் பிரிவும் தட்டியது. மேடம் கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

அந்த உற்சாகத்தில் சீக்கிரம் வீட்டுக்கு வந்து நாவரசியை ஏழு மணிக்கு உட்கார வைத்தேன். 'வீட்டில் செய்யும் வேலையே பள்ளி வேலையின் அஸ்திவாரம்' என்ற வரியில் இன்னும் அழுத்தம் போதவில்லை. கண் சொருகுகிற வரைக்கும் சொல்ல வைத்தேன். கடைசியில் வந்துவிட்டது.

பிப்ரவரி 2, திங்கள்

அரை நாள் விடுப்பு போட்டு ஒத்திகை பார்க்கப் பள்ளிக்குப் போனேன். ஜெசிந்தா மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னவோ ஏதோ என்று போனால் பாராட்டு.

"நாவரசி ரொம்ப மாறிட்டா சார். முன்னாடியெல்லாம் கிளாஸ்ல சும்மாவே இருக்கமாட்டா, பக்கத்துல உள்ள பிள்ளட்ட எப்பப் பாத்தாலும் பேச்சுதான். இப்ப சத்தமே கிடையாது. கேள்வி கேட்டாக்கூட பதில் வராது, அவ்வளவு அடக்கம். வீட்டுல என்ன சார் செஞ்சிய?"

"பயிற்சிதான் மிஸ்" என்றேன். வீட்டுக்கு வந்து இதை வடிவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புச் சூடு.

பிப்ரவரி 6, வெள்ளி

பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்தேன். வாந்தி எடுத்துவிட்டாள். இன்னொரு டம்ளர் கொடுத்தேன்.

பிப்ரவரி 7, சனி

எழுதுகிற மனநிலை இல்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

விழா ஐந்து மணிக்கு. நடுவர் 'சிரிப்பருவி' மாசிலாமணி வந்து சேர்ந்தபோது ஏழரை. பிள்ளைகள் பவுடரெல்லாம் வழிந்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மைக்கைப் பிடித்ததும் தன் மனைவியைப் பற்றி எட்டுச் சிரிப்புத் துணுக்கு சொன்னார். எனக்கு எட்டும் தெரியும். இருந்தாலும் சிரித்தேன்.

நாவரசி பட்டுப் பாவாடையில் மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். 'ளே' சரியான நீளம். கை சரியான உயரம். நான் முன்வரிசையில் இரண்டு கையாலும் போனைப் பிடித்துப் படமெடுத்தேன். முதல் கைதட்டல் இடம் வந்தது. "பிஞ்சுக் கைகளில் பேனா, அது விலங்கல்ல, விளக்கு!" நிறுத்தினாள்.

கைதட்டல் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மைதானம் முழுக்கப் பெற்றோர்கள். எல்லோருடைய இரண்டு கையிலும் போன். படமெடுக்கிறவன் எப்படிக் கை தட்டுவான்? நானே தட்ட முடியவில்லையே. போனைக் கீழே வைத்தால் படம் போய்விடும்.

நாவரசி காத்திருந்தாள். கைதட்டல் வந்து அடங்கினால்தான் அடுத்த வரி. அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போன் திரையில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. கண் இரண்டும் என்னைத்தான் பார்த்தன. நான் 'சொல்லு, சொல்லு' என்று வாயசைத்தேன். அவளுக்குப் புரியவில்லை. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாரோ, "பாவம், பிள்ளைக்கு மறந்துட்டு" என்றார்கள். மறக்கவில்லை ஐயா, மறக்கவில்லை!

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஆள் கைதட்டுகிற சத்தம் கேட்டது. வடிவு எழுந்து நின்று தட்டினாள். அவள் நிறுத்தியதும் நாவரசி வாயைத் திறந்தாள்.

ஆனால் தடம் புரண்டுவிட்டது. வந்தது பழைய பேச்சு. ராமு எழுதினான், எழுதினான், எழுதிக்கொண்டே இருந்தான், கடைசியில் ராமுவுக்குக் கண் போய்விட்டது என்று உருக்கமாகச் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் அணி மாறியது நினைவுக்கு வந்துவிட்டது போல. பாவாடையைப் பிடித்து முறுக்கினாள். பிறகு ஒரே மூச்சில், "கண்ணு போன ராமு கலெக்டர் ஆனான் நடுவர் அவர்களே!" என்றாள்.

ஊரே சிரித்தது. போனையெல்லாம் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். நடுவர் மேஜையில் அடித்துச் சிரித்து, "ஹோம்வொர்க் பண்ணுனா கண்ணும் போகும், பதவியும் வரும்! ரெண்டு அணியையும் ஒரே வரியில முடிச்சிட்டாளே இந்தப் பிள்ள!" என்றார். கைதட்டல் இன்னும் கூடியது. நாவரசி பழக்கியபடியே அது அடங்கக் காத்திருந்தாள். அது அடங்கவில்லை. ஜெசிந்தா மிஸ் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.

தீர்ப்பு: அளவோடு இருந்தால் வீட்டுப்பாடம் நன்மையே. நடுவருக்குப் பொன்னாடை. நாவரசிக்கு முதல் பரிசு. 'கோடை விடுமுறைப் பயிற்சி நூல்', இரண்டு பாகம்.

ஆட்டோவில் வரும்போது, "எல்லாரும் எவ்வளவு கை தட்டுனாங்க பாத்தியா!" என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் பரிசு வாங்கிய பிள்ளை சிரிக்கக்கூட இல்லை. மேடையில் சிரிக்கக் கூடாது என்று சொன்னது நான்தான். ஆட்டோவில் சிரிக்கலாம் என்று தனியாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். அவள் கைதட்டலுக்குக் காத்திருக்கிற இடம். ஒரு நிமிஷத்துக்குக் குறைவுதான். முழுதாகப் பார்க்க முடியவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் முடியவில்லை.

நாளைக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது. மேடையில் பேசிய பிள்ளைகள் 'நான் மேடையில் பேசிய அனுபவம்' என்று ஒரு பக்கம் எழுதி வர வேண்டுமாம். சொந்த நடையில்.

நாவரசி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிபன் முடிந்து, சாப்பாடு முடிந்து, காபியும் முடிந்துவிட்டது. தலைப்பு மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எழுதேன்ட்டி."

"நீங்க எழுதிக் குடுங்கப்பா. பாத்து எழுதிருதேன்."

"நீ பேசுனதத்தானே கேக்காவ? ஒனக்கு எப்படி இருந்துச்சோ அத எழுது."

பேனாவைக் கடித்தாள். நகம் இருந்தால் நகத்தைக் கடித்திருப்பாள். கடிக்க நகம் இல்லை. இன்றைக்குத்தான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தேன்.

"சரி, எங்கிட்ட சொல்லு. மேடையில நின்னப்ப எப்படி இருந்துச்சு? சந்தோசமா இருந்துச்சா, பயமா இருந்துச்சா?"

என் முகத்தையே பார்த்தாள். கேலி ஒன்றும் இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நாம எந்த அணிப்பா?"

அடுப்படியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது. வடிவு வெளியே வரவில்லை. நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. அவளும் எழுதவில்லை. நோட்டை வாங்கி, 'பிள்ளைக்கு எழுத வரவில்லை. காரணம் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வேன் வரும் நேரத்துக்கு வீட்டு வாசலில் போய் நின்றேன். டெய்சி மேடம் அனுமதி கொடுக்கும்போது, "வீட்டுல நாலு வார்த்த பேசணும்னியளே, அதுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நாவரசி இறங்கினாள். என்னைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது, கை இரண்டும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. பையை வாங்கிக்கொண்டேன். மிஸ் என்ன சொன்னார் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

"அந்த ஆட்டுக்குட்டி என்னாச்சுட்டி?" என்றேன்.

நின்றாள். உதடு அசைந்தது. கண்ணில் பழைய வெளிச்சம் ஒரு துளி வந்த மாதிரி எனக்குத் தோன்றியது. "அது வந்துப்பா, வேன் அண்ணாச்சி…" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் என் கையைப் பார்த்து நிறுத்திவிட்டாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். கையில் போன். பழக்க தோஷத்தில் விரல் நேரம் பார்க்கிற இடத்துக்குப் போயிருக்கிறது.

"எத்தன நிமிசம்ப்பா?" என்று கேட்டாள்.

நேராக அடுப்படிக்குப் போனேன். அரிசி டப்பாவைத் திறந்து, போனை அரிசிக்குள் புதைத்து, மூடியை அழுத்தி மூடினேன். வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். நாவரசியும் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடி டப்பாவைப் பார்த்தாள்.

"பெறவு சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சரி என்றேன். திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அரிசி டப்பாவுக்குள் போன் இரண்டு தடவை மணியடித்தது. எடுக்கவில்லை.